அசெட்டோ கோர்சாவில் கியர் விழவில்லையா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கம்ப்யூட்டரில் அசெட்டோ கோர்சா ஓட்டுகிறவர்கள், அதுவும் புதிதாக வீலும் பெடலும் ஷிஃப்டரும் வாங்கி மாட்டியவர்கள், திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. 2014-இல் முழுப் பதிப்பாக வந்த பழைய கார் பந்தயக் கேம்தான், ஆனாலும் இன்றைக்கும் ஆள் குறையவில்லை. கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே வைத்திருக்கிறேன்.

பேடிலை இழுத்தால் ஒன்றுமே நடக்கவில்லை. வீல் போச்சா?

கேமை மூடுங்கள். விண்டோஸ் தேடல் பெட்டியில் ஜாய் டாட் சிபிஎல் என்று ஆங்கிலத்தில் அடித்தால் ஒரு சின்ன ஜன்னல் திறக்கும், அதில் உங்கள் வீலைத் தேர்ந்தெடுத்து பிராப்பர்ட்டீஸ் போனால் சிவப்பு வட்டங்கள் வரிசையாக இருக்கும். பேடிலை, அதாவது வீலுக்குப் பின்னால் கியர் மாற்ற இருக்கும் தகட்டை, இழுக்கும்போது ஒரு வட்டம் எரிகிறதா? எரிந்தால் வீல் நன்றாக இருக்கிறது, கோளாறு கேமில். எரியவில்லை என்றால் கேமில் எதைத் தட்டினாலும் பயனில்லை. யுஎஸ்பியைப் பிடுங்கி ஹப் இல்லாமல் நேராக மதர்போர்டில் உள்ள துளையில் செருகிப் பாருங்கள், பவர் அடாப்டர் சரியாக உட்கார்ந்திருக்கிறதா பாருங்கள்.

இந்த இரண்டு நிமிட வேலையைச் செய்யாமல் கேமை அழித்து மறுபடி இன்ஸ்டால் பண்ணியவர்களை எனக்குத் தெரியும். கியர் விழாததற்கு மூன்று பேரில் ஒருவர்தான் காரணம்: உங்கள் கையில் இருக்கும் பொருள், கேமில் உள்ள அமைப்பு, இல்லையென்றால் அந்தக் காரே. யார் என்று தெரியாமல் மூன்றையும் ஒரே நேரத்தில் நோண்டினால், நன்றாக இருந்ததும் கெட்டுப்போகும்.

வட்டம் எரிகிறது, கேமில் மட்டும் வேலை செய்யவில்லை.

முதல் சந்தேகம், கன்ட்ரோல்ஸ் பக்கத்தில் பட்டன் பதிந்திருக்கிறதா என்பது. பதிந்திருந்தாலும், நேற்று வீலோடு சேர்த்து ஏதாவது புது யுஎஸ்பி சாதனம், பழைய கேம்பேட், ஹேண்ட்பிரேக் என்று செருகியிருந்தால் சாதனங்களின் வரிசை எண் மாறிப்போய், கேம் வேறு எதையோ வீல் என்று நினைத்துக்கொண்டிருக்கும். மறுபடி பட்டனைப் பதிந்து, அதற்கு ஒரு பெயர் வைத்துச் சேமித்துவிடுங்கள்.

இரண்டாவது சந்தேகம் ஸ்டீம், கேமை வாங்கி இயக்கும் அந்த மென்பொருள்தான். ஸ்டீம் இன்புட் என்று ஒன்று இருக்கிறது, கேம்பேடுகளுக்காகச் செய்தது. அது நடுவில் புகுந்து வீலைக் கேம்பேடாகக் காட்டிவிடும். கேமின் பிராப்பர்ட்டீஸில் கன்ட்ரோலர் பகுதிக்குப் போய் அதை முடக்கிவிட்டால் போதும்.

நான் தொடாமலே கார் தானாகக் கியர் மாற்றிக்கொள்கிறதே?

ஆட்டோமேட்டிக் கியர் இயக்கத்தில் இருக்கிறது. ஓட்டும்போதே கன்ட்ரோலும் ஜி-யும் சேர்த்து அழுத்தினால் அணையும், மறுபடி அழுத்தினால் எரியும். சிலருக்கு இது தெரியாமலே விழுந்துவிடுகிறது, விசைப்பலகை மேல் கை பட்டாலே போதும். அப்புறம் ஒரு வாரம் ‘கார் பேய் பிடித்த மாதிரி ஓடுகிறது’ என்று புலம்பல்.

ஹெச் ஷிஃப்டர் சில காரில் வேலை செய்கிறது, சிலதில் செய்யவே இல்லை. ஏன்?

ஏனென்றால் அந்தக் கார்களின் நிஜ வடிவத்தில் ஹெச் கியரே, அதாவது ஹெச் வடிவப் பள்ளங்களில் குச்சியை நகர்த்திப் போடும் கியரே, கிடையாது. ஃபெராரி எஃப் 40-இல் ஐந்து கியரும் குச்சியில்தான். அதே கம்பெனியின் 458-இல் இரட்டை கிளட்ச் பெட்டி, பேடில் மட்டும்தான். கேமும் அதை அப்படியே பின்பற்றுகிறது. ஒவ்வொரு காரின் டேட்டா கோப்புறையிலும் டிரைவ்டிரெய்ன் என்று ஒரு ஐஎன்ஐ கோப்பு உண்டு, அதில் சப்போர்ட்ஸ் ஷிஃப்டர் என்ற வரிக்கு எதிரே 1 என்றால் குச்சி எடுக்கும், 0 என்றால் எடுக்காது.

இதன் மறுபக்கமும் உண்டு. கன்ட்ரோல்ஸில் ஹெச் ஷிஃப்டரை டிக் செய்துவிட்டு, குச்சி வைத்த காரில் பேடிலை இழுத்துவிட்டு ‘கியர் நிற்கவில்லை’ என்கிறார்கள். குச்சி நியூட்ரலில் நிற்கிறது என்பதைத்தான் கேம் பார்த்துக்கொண்டிருக்கிறது, உங்கள் விரலை அல்ல. அந்த டிக்கை எடுத்துவிட்டால் பேடிலுக்கு உயிர் வந்துவிடும்.

இதே கம்பெனி 2019-இல் கொண்டுவந்த காம்பெடிசியோனே என்ற கேமில், பேடில் மட்டுமே உள்ள ஜிடி3 வகைப் பந்தயக் கார்களை ஓட்டத்தான் போகிறீர்கள் என்றால், ஷிஃப்டர் வாங்கும் காசை மிச்சம் பிடித்து நல்ல பிரேக் பெடல் வாங்குங்கள்.

ஒவ்வொரு முறையும் ‘கர்ர்ர்’ என்று அரைத்துவிட்டு நியூட்ரலிலேயே நிற்கிறது. என்ன செய்வது?

எனக்கு வருகிற கேள்விகளில் பாதி இதுதான், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

கியர் பெட்டிக்குள் இரண்டு பக்கம் சுழல்கிறது. ஒரு பக்கத்தை என்ஜின் சுழற்றுகிறது, மறுபக்கத்தைச் சக்கரங்கள் சுழற்றுகின்றன. இரண்டின் வேகமும் ஒத்துப்போனால் பல் பல்லோடு உட்காரும், ஒத்துப்போகாவிட்டால் அரைபடும். கிளட்சை மிதித்தால் என்ஜினின் பிடி விலகிவிடும், உள்ளே உள்ள சின்க்ரோ வளையம் மீதி வேகத்தைச் சமன் செய்துகொள்ளும். கிளட்சை மிதிக்காமல் போட வேண்டுமென்றால் அந்தச் சமனை நீங்களே ஆக்சிலரேட்டரால் செய்ய வேண்டும். நம்மூரில் பழைய லாரி ஓட்டியவர்களைக் கேளுங்கள், சின்க்ரோ இல்லாத பெட்டியில் கிளட்சை இரண்டு முறை மிதிக்கும் டபுள் கிளட்ச் போட்டு, நடுவில் ஒரு ‘உர்’ கொடுத்து, வெண்ணெயில் கத்தி இறங்குவது போலக் கியரை இறக்கியவர்கள் அவர்கள்.

கேமும் இதைத்தான் கணக்குப் போடுகிறது. நான் முன்பு சொன்ன அதே கோப்பில், கியர் ஏற்றுக்கொள்ளப்படும் ஆர்பிஎம் (நிமிடத்துக்கு என்ஜின் சுற்றும் சுற்றுகள்) இடைவெளி என்று ஒரு எண் இருக்கும். கிளட்ச் இல்லாமல் கியர் போடும்போது, சரியாகப் பொருந்தும் என்ஜின் வேகத்திலிருந்து எத்தனை சுற்று தள்ளியிருந்தால் மன்னிக்கலாம் என்பதுதான் அது. அந்த எல்லைக்குள் வந்தால் விழும். வெளியே போனால் கர்ர், பிறகு நியூட்ரல். மெக்கானிக்கல் டேமேஜ் இயக்கத்தில் இருந்தால் இப்படி அரைக்க அரைக்கப் பெட்டியும் கெடும், பத்தாவது சுற்றில் ‘நன்றாகத்தானே போட்டேன், ஏன் விழவில்லை’ என்று நிற்பீர்கள்.

ஆக, வரிசை இப்படி இருக்க வேண்டும்: ஆக்சிலரேட்டரிலிருந்து கால், கிளட்ச் அடிவரை, குச்சி, கிளட்ச் விடு, மறுபடி ஆக்சிலரேட்டர். குச்சி பள்ளத்தில் உட்காரும் முன்பே கிளட்சை விட்டுவிடுவதுதான் பெரும்பாலானோர் செய்வது. தங்கள் கால் அப்படிச் செய்வதே அவர்களுக்குத் தெரியாது. ரீப்ளேயில் பெடல் பட்டைகளைப் பாருங்கள், குச்சி நகரும் நேரத்தில் கிளட்ச் பட்டை ஏற்கெனவே பாதி இறங்கியிருக்கும்.

மூன்று பெடல் இல்லாத செட் என்றால், கேமே கிளட்சைப் பார்த்துக்கொள்ளும் ஆட்டோ கிளட்சைப் போட்டுக்கொள்ளுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

கிளட்சை அடிவரை மிதிக்கிறேன், சத்தியமாக. ஆனாலும் அரைக்கிறது.

உங்கள் கால் அடிவரை போகிறது, கேமுக்கு எவ்வளவு போய்ச் சேர்கிறது என்பதுதான் கேள்வி. திரும்ப ஜாய் டாட் சிபிஎல். கிளட்ச் பட்டை முழுக்க நிரம்புகிறதா, இல்லை எண்பது சதவீதத்தில் நின்றுவிடுகிறதா, நடுவில் துடிக்கிறதா பாருங்கள். விலை குறைந்த பெடல்களில் பொட்டன்ஷியோமீட்டர் இருக்கும், உள்ளே ஒரு கரித்தடத்தின் மேல் ஒரு நாக்கு உரசிக்கொண்டே போகும். அதில் தூசி சேர்ந்தால், கடற்கரை ஊர்களில் ஈரமும் சேர்ந்துகொண்டால், எண் தாறுமாறாகக் குதிக்கும். எலெக்ட்ரானிக்ஸ் கடையில் கான்டாக்ட் கிளீனர் ஸ்ப்ரே கேட்டால் கொடுப்பார்கள். மின்சாரத்தைப் பிடுங்கிவிட்டு, உள்ளே இரண்டு முறை அடித்து, பெடலை முப்பது நாற்பது முறை மிதித்து விட்டு, காய வைத்து மாட்டுங்கள். தேங்காய் எண்ணெய், மெஷின் ஆயில் எல்லாம் வேண்டாம். சிரிக்காதீர்கள், செய்தவர் இருக்கிறார்.

என் கதை வேறு. இரண்டாவது கியரிலிருந்து மூன்றாவதுக்குப் போகும்போது மட்டும் அரைக்கும், அதுவும் ஐந்தாறு சுற்றுக்குப் பிறகுதான். சென்சாரைத் துடைத்தேன், டிரைவரை மாற்றினேன், கோப்பையெல்லாம் திறந்து படித்தேன். ஒருநாள் தற்செயலாகக் குனிந்து பார்த்தால், மொசைக் தரையில் பெடல் பலகையே ஒவ்வொரு பிரேக்குக்கும் ஒரு விரற்கடை பின்னால் நகர்ந்துகொண்டிருக்கிறது. ஐந்து சுற்றில் ஒரு சாண் தள்ளிப் போயிருக்கும், அப்புறம் கிளட்சுக்குக் கால் எட்டுமா? மாடிப்படி அடியில் சும்மா கிடந்த அம்மிக்கல்லைக் கொண்டுவந்து பின்னால் முட்டுக்கொடுத்தேன். இன்றுவரை நகரவில்லை. சக்கரம் வைத்த நாற்காலியில் உட்கார்ந்து ஓட்டுகிறவர்களுக்கும் இதே வியாதிதான், அங்கே நகர்வது நாற்காலி.

கியர் ஏறும்போது சரி, இறக்கும்போது மட்டும் பேடிலை இழுத்தாலும் விழுவதில்லை.

கார் உங்களைக் காப்பாற்றுகிறது. புதிய கார்களில் டவுன்ஷிஃப்ட் புரொடெக்‌ஷன் உண்டு: இந்த வேகத்தில் அந்தக் கியர் விழுந்தால் என்ஜின் சிவப்புக் கோட்டைத் தாண்டும் என்று தெரிந்தால், இழுத்த இழுப்பை வாங்கிக்கொள்ளாது. பிரேக் போட்ட மாத்திரத்தில் படபடவென்று நான்கு முறை இழுக்கிறவர்களுக்கு முதல் இரண்டு இழுப்பு வீணாகி, கடைசி இரண்டு மட்டும் விழுந்து, வளைவுக்குள் தவறான கியரில் போய் நிற்பார்கள். இழுப்பை எண்ணாதீர்கள், என்ஜின் சத்தம் இறங்குவதைக் கேட்டு ஒவ்வொன்றாக இழுங்கள்.

பழைய கார்களில் அந்தக் காவல்காரன் இல்லை. டொயோட்டா ஏஇ 86-ஐ எடுத்துக்கொள்வோம். அதன் கியர் விகிதங்கள் முதலாவது 3.587, இரண்டாவது 2.022, மூன்றாவது 1.384. மூன்றாவதில் 5,000 சுற்றில் போய்க்கொண்டிருக்கும்போது இரண்டாவது போட்டால் என்ஜின் 5,000-ஐ 1.384-ஆல் வகுத்து 2.022-ஆல் பெருக்கிய வேகத்துக்கு, அதாவது சுமார் 7,300-க்குப் போகும். சமாளிக்கலாம். வெறும் 500 சுற்று கூட, 5,500-இல் அதே வேலையைச் செய்தால் 8,000-ஐத் தாண்டிவிடும், அந்த என்ஜினுக்கு அது சிவப்புக் கோட்டுக்கு அப்பால். இரண்டாவதிலிருந்து முதலாவது இன்னும் மோசம், 4,000-இல் போட்டாலே 7,100-ஐத் தொடும். அதனால்தான் அந்தக் காரில் ஓடிக்கொண்டிருக்கும்போது முதல் கியரை மறந்துவிடச் சொல்கிறேன்.

நான்காவதிலிருந்து ஐந்தாவது போடப் போய்க் கை தவறி மூன்றாவது விழுந்துவிட்டால், கிளட்சை விட்டவுடன் சக்கரம் என்ஜினைச் சுழற்றிக் கொன்றுவிடும். ரெவ் லிமிட்டர் இதில் உதவாது, அது எரிபொருளைத்தான் நிறுத்தும், சக்கரத்தை நிறுத்தாது.

கியரை இறக்கியதும் கார் பின்பக்கம் சுழன்றுவிடுகிறது.

பின்சக்கர இழுவைக் காரில் கிளட்சைச் சட்டென்று விட்டிருக்கிறீர்கள். என்ஜின் 4,000-இல் இருக்கிறது, சக்கரம் அதை 6,000-க்கு இழுக்கப் பார்க்கிறது, அந்த இழுபறியில் பின்சக்கரம் ஒரு கணம் பூட்டிக்கொள்கிறது. பிரேக் போட்டதால் எடை முழுக்க முன்னால் போயிருக்கும் நேரம் வேறு. கிளட்சை விடும் முன் ஆக்சிலரேட்டரில் ஒரு தட்டு தட்டி என்ஜினை மேலே கொண்டுவந்துவிட்டால் இழுபறியே இருக்காது.

பிரேக்கில் இருக்கும் காலால் ஆக்சிலரேட்டரை எப்படித் தட்டுவது? பெருவிரல் பக்கம் பிரேக்கில், பாதத்தின் வலது ஓரத்தை உருட்டி ஆக்சிலரேட்டரில். ஹீல் அண்ட் டோ என்ற பெயரை நம்பிக் குதிகாலைத் திருப்பினால் கணுக்கால் பிசகும். பெடல்கள் தள்ளித் தள்ளி இருந்தால் ஆக்சிலரேட்டர் தட்டைக் கழற்றிக் கொஞ்சம் இடப்பக்கம் மாட்ட முடியுமா பாருங்கள், பல செட்டுகளில் அதற்கென்றே கூடுதல் துளைகள் இருக்கும். வெறும் காலோடு பழகுவது எளிது. வராதவரை, ஆக்சிலரேட்டரைக் கேமே தட்டிவிடும் ஆட்டோ பிளிப் போட்டு ஓட்டுங்கள், பிறகு எடுத்துவிடலாம்.

மூன்றாவது போடுகிறேன், ஐந்தாவது விழுகிறது. சில நேரம் கியர் தானாக நழுவி நியூட்ரலுக்கு வருகிறது.

முதலில் ஷிஃப்டர் மேசையில் அசைகிறதா என்று பாருங்கள். மெல்லிய பிளைவுட் மேசை என்றால் குச்சியைத் தள்ளும்போது பலகையே வளையும். கிளாம்புக்கு அடியில் ஒரு தடித்த கட்டையைக் கொடுத்து இறுக்குங்கள்.

அது சரியாக இருந்தால் சென்சார். லாஜிடெக்கின் ஜி 27, ஜி 29 தலைமுறை ஷிஃப்டர்களில் குச்சி எங்கே நிற்கிறது என்பதை இரண்டு பொட்டன்ஷியோமீட்டர்கள் சொல்கின்றன, ஒன்று இடம் வலம், மற்றொன்று முன் பின். இடம் வலம் சொல்லும் பொட்டன்ஷியோமீட்டர் தேய்ந்தாலோ அழுக்கேறினாலோ மூன்று ஐந்தாகவும் நான்கு ஆறாகவும் படிக்கப்படும். முன் பின் சொல்வது கெட்டால், போட்ட கியர் நழுவி நியூட்ரல் ஆகும். எந்த வகைத் தவறு என்று பார்த்தாலே எதைத் துடைப்பது என்று தெரிந்துவிடும். த்ரஸ்ட்மாஸ்டரின் டிஹெச்8ஏ-வில் காந்த சென்சார், உரசல் கிடையாது. அதற்கென்று தனி அளவுத்திருத்த மென்பொருள் இருக்கிறது, அதை ஒருமுறை ஓட்டினாலே பெரும்பாலும் சரியாகும்.

பேடிலை ஒருமுறை இழுத்தால் இரண்டு கியர் ஏறிவிடுகிறது.

உள்ளே உள்ள சுவிட்ச் தளர்ந்துவிட்டது, ஒரு அழுத்தத்தை இரண்டாக அனுப்புகிறது. கன்டென்ட் மேனேஜர் (இந்தக் கேமுக்கான தனித் துணை மென்பொருள்) வைத்திருந்தால் வீல் அமைப்புகளில் டிபவுன்சிங் என்று ஒரு எண் இருக்கும். அதைக் கொஞ்சம் கூட்டினால் அந்த இடைவெளிக்குள் வரும் இரண்டாவது அழுத்தத்தைக் கேம் கண்டுகொள்ளாது. ரொம்பக் கூட்டிவிட்டால் நிஜமாகவே வேகமாக இரண்டு இறக்கும்போது ஒன்றை விழுங்கிவிடும்.

தனியாக ஓட்டும்போது எல்லாம் சரி. ஆன்லைனில் போனால் கியர் விழவில்லை.

சர்வர் நடத்துகிறவர் ஆட்டோ கிளட்சைத் தடை செய்திருப்பார், டேமேஜையும் கூட்டியிருப்பார். உள்ளே போகும் முன் அந்த சர்வரின் விவரத்தைப் படியுங்கள். கிளட்ச் பெடல் இல்லாதவர்கள் வீலில் ஒரு பட்டனைக் கிளட்சாகப் பதிந்து சமாளிக்கிறார்கள், பழகினால் ஓடும்.

இணையத்தில் இறக்கிய மாட் காரில் மட்டும் கியர் ஏற ரொம்ப நேரம் ஆகிறது.

மாட் என்பது கேம் கம்பெனி அல்லாமல் ரசிகர்கள் செய்து தருவது. அதைச் செய்தவர் வேறு காரின் கோப்பை எடுத்து அப்படியே ஒட்டியிருப்பார், பத்தில் ஐந்து மாட் இப்படித்தான். டிரைவ்டிரெய்ன் கோப்பில் சேஞ்ச் அப் டைம், சேஞ்ச் டவுன் டைம் என்று இரண்டு எண்கள் இருக்கும், மில்லிசெகண்டில். கியரை வரிசையாக ஒவ்வொன்றாக மாற்றும் சீக்வென்ஷியல் ரேஸ் காருக்கு 300 என்று போட்டிருந்தால் அது தவறு என்று பார்த்தாலே தெரியும். ஆட்டோ கட்ஆஃப் டைம் 0 என்றால் கியர் ஏற்றும்போது ஆக்சிலரேட்டரைக் கார் தானாக விலக்காது, உங்கள் கால்தான் விலக்க வேண்டும்.

மாற்றலாம், ஆனால் கோப்பை நகல் எடுத்து வைத்துக்கொண்டு மாற்றுங்கள். டேட்டா கோப்புறை ஒரே கோப்பாகக் கட்டப்பட்டிருந்தால் கன்டென்ட் மேனேஜரில் பிரித்துக்கொள்ளலாம். மாற்றிய காரோடு ஆன்லைன் போனால் சர்வர் ஒப்பிட்டுப் பார்த்து வெளியே தள்ளிவிடும்.

ரிவர்ஸ் விழமாட்டேன் என்கிறது.

லாஜிடெக் குச்சி என்றால் தலையைக் கீழே அழுத்திப் பிடித்துக்கொண்டே வலது கோடிக்குக் கொண்டுபோய்ப் பின்னால் இழுக்க வேண்டும். அழுத்தாமல் இழுத்தால் ஆறாவதுதான். கார் முழுக்க நின்ற பிறகு போடுங்கள்.

பிஎம்டபிள்யூ எம்3 இ30, எஃப் 40 போன்ற கார்களில் முதல் கியர் வேறு இடத்தில் இருக்குமாமே?

ஆமாம், டாக்லெக் என்பார்கள். முதல் கியர் இடது பக்கம் பின்னால் தனியாக ஒதுங்கி நிற்கும், இரண்டும் மூன்றும் ஒரே நேர்கோட்டில். ஓட்டத்தில் அதிகம் புழங்குவது இரண்டும் மூன்றும்தான் என்பதால் அப்படி வைத்தார்கள். ஐரோப்பாவில் விற்ற இ30 எம்3-இல் அப்படி, அமெரிக்காவுக்குப் போனதில் சாதாரண வரிசை. கேம் இதைத் தானாகச் செய்யாது, எந்தப் பள்ளம் எந்தக் கியர் என்று நீங்கள்தான் ஷிஃப்டர் பக்கத்தில் மாற்றிப் பதிய வேண்டும். பதிந்ததைத் தனிப் பெயரில் சேமியுங்கள், இல்லையென்றால் அடுத்த காரில் முதலாவது என்று நினைத்து வேறு எதையோ போட்டுவிட்டு இந்தப் பக்கத்துக்கே திரும்ப வருவீர்கள்.

ஷிஃப்டரை இடது பக்கம் வைக்கலாமா? நம் காரில் அப்படித்தானே?

தாராளமாக. வலது பக்கம் ஸ்டியரிங் உள்ள நம் கார்களில் கியர் இடது கையில்தான், அந்தக் கை ஏற்கெனவே பழகியிருக்கும். கேமில் உள்ள கார்கள் பெரும்பாலும் இடது ஸ்டியரிங் என்பதால் திரையில் ஓட்டுநரின் வலது கை கியர் போடும், நீங்கள் இடது கையால் போடுவீர்கள். முதல் நாள் கண்ணுக்கு உறுத்தும், ஓட்டுநர் கையை மறைத்துவிட்டால் அதுவும் போய்விடும். வயர் நீளம் எட்டுகிறதா என்று மட்டும் கிளாம்பை இறுக்கும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.